முதலில் தேவை, பிறகு இடம்

ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூளை முடக்குவாதம். அவள் எங்கே படிப்பது? சட்டம் இதற்கு மூன்று வழிகளைத் தருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையும் அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தன் விருப்பப்படி, கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கவும் இடம் கொடுத்தது. இந்த மூன்றில் எது என்று தீர்மானிக்கும் உரிமை குழந்தையுடையது. குழந்தை சிறியவள் என்பதால் நடைமுறையில் அது பெற்றோரின் கைக்கு வருகிறது. ஏட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

ஆனால் பெற்றோரிடம் யாரும் இப்படி மூன்று வழிகளை விரித்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் ஒரு வழியை மட்டும் சொல்கிறார்கள், அதுவும் முடிவாகிவிட்ட ஒன்றாக. குழந்தைக்கு என்ன உதவி வேண்டும் என்று ஒரு வரி கூட எழுதப்படாத நிலையில், அவள் எங்கே உட்கார வேண்டும் என்பது மட்டும் தீர்ந்துவிடுகிறது. வகுப்பறைத் தேர்வில் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு இந்த வரிசைக் குழப்பமே காரணம் என்று நினைக்கிறேன். தேவையை முதலில் எழுத வேண்டும். எழுதும்போது பெற்றோர் உடன் இருக்க வேண்டும். இடம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இன்று நடப்பதைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கிறது. எலும்பு முறிவு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று மருத்துவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையை இடுப்பில் சுமந்தபடி அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். முடிவில் ஒரு சான்றிதழ், அதில் ஒரு விழுக்காடு. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் அந்த விழுக்காடு தேவை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது உடலின் ஒரு செயல்பாடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளக்கும் கணக்கு. 80 விழுக்காடு என்று எழுதப்பட்ட குழந்தை கதை கேட்டுச் சிரிப்பாளா, படத்தைக் காட்டி வேண்டியதைக் கேட்பாளா, பக்கத்தில் பேச்சுச் சத்தம் இருந்தால் கவனம் சிதறுமா என்பதை அது சொல்லாது. இருந்தும் பள்ளியின் வாசலில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

தலைமையாசிரியர் அறையில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எந்தக் குறிப்பிட்ட பள்ளியையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை.

“அம்மா, புள்ளைய சேத்துக்க மாட்டோம்னு சொல்லல. இங்க அறுபது புள்ளைங்க, ரெண்டே டீச்சர். உங்க பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டா நல்லா பாத்துப்பாங்கம்மா.”

“அது முப்பது கிலோமீட்டர் சார். ஹாஸ்டல்ல விடணும். அவ ராத்திரி தனியா படுக்க மாட்டா சார்.”

“அப்ப பேரை இங்க எழுதிக்கிறோம். வீட்டுலயே இருக்கட்டும். வாரத்துல ஒரு நாள் ஸ்பெஷல் டீச்சர் வந்து பாப்பாங்க.”

இந்தத் தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். அவருடைய அச்சம் உண்மையானது. அவருக்குத் துணையாக யாரும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் இரண்டு இடங்களின் பெயர் வந்ததே தவிர, சிறுமிக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி ஒருமுறை கூட எழவில்லை. சாய்ந்து உட்கார ஏற்ற நாற்காலி வேண்டுமா? கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது? எழுத முடியாவிட்டால் எதன் மூலம் விடை சொல்வாள்? சத்துணவை யார் ஊட்டுவது, எவ்வளவு நேரம் ஆகும்? வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா? இந்த ஐந்துக்கும் விடை எழுதிவிட்டால் “பார்த்துக்க முடியாது” என்ற ஒற்றைச் சொல் ஐந்து தனித்தனி வேலைகளாகப் பிரியும். அவற்றில் மூன்று பள்ளியிலேயே முடிகிறவை. மற்ற இரண்டுக்கு வட்டார வள மையத்தின் உதவி வேண்டியிருக்கும். அம்மாவிடம் பதில் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்பது பள்ளியின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமில்லை. 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடத்தை எல்லாரும் புழங்கும்படி செய்வது, ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ற வசதியும் ஆதரவும் தருவது, கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிவது, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது, போக்குவரத்து வசதி தருவது, அதிக ஆதரவு தேவைப்படும் குழந்தைக்குத் துணை வருபவருக்கும் அந்த வசதி தருவது எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. 31-ஆம் பிரிவைப் போல இதற்கு 40 விழுக்காட்டு வரம்பு கிடையாது. சான்றிதழில் 30 என்று எழுதப்பட்ட குழந்தைக்கும் 16-ஆம் பிரிவு பொருந்தும். இதைப் பெற்றோர் பலரும் அறியவில்லை. பள்ளிகளிலும் அறிந்தவர்கள் குறைவு.

பெற்றோருக்கு இந்த மேசையில் ஒரு நாற்காலி எப்படிக் கிடைத்தது என்பதற்குத் தெளிவான வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டத்தை அப்படியே இங்கே நட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வரிசை பற்றிய கேள்வியை அங்கே நீதிமன்றங்கள் நேராக எதிர்கொண்டிருக்கின்றன, அதற்காகச் சொல்கிறேன்.

1971-இல் பென்சில்வேனியா மாநிலத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தது. “கல்வியால் பயன்பெற இயலாதவர்” என்று முத்திரை குத்திக் குழந்தைகளை வெளியே நிறுத்த அந்த மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தது. வழக்கை நடத்திய தாமஸ் கில்ஹூலின் சொந்தத் தம்பியே பென்ஹர்ஸ்ட் என்ற காப்பகத்தில் வாழ்ந்தவர். வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குழந்தையின் இடத்தை மாற்றுமுன் பெற்றோருக்கு அறிவிப்பும், அதை எதிர்த்துப் பேச ஒரு விசாரணையும் தர வேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் அச்சாணி. 1972-இல் வாஷிங்டன் நகரில் மில்ஸ் வழக்கு வந்தது. பணம் போதவில்லை என்று நகரக் கல்வி வாரியம் சொன்னது. பணப் பற்றாக்குறை என்றால் அதன் சுமை மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் மேல் மட்டும் அதிகமாக விழக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இரண்டு வழக்குகளின் தோளில்தான் 1975-இல் கூட்டாட்சிச் சட்டம் எழுந்தது. அப்போது அமெரிக்காவில் பத்து லட்சம் குழந்தைகள் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்ததாக அந்தச் சட்டத்தின் முன்பகுதியே ஒப்புக்கொள்கிறது.

அந்தச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றை எழுதச் சொன்னது. ஆசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிர்வாகத்தின் பிரதிநிதி, பெற்றோர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும். வகுப்பறை அந்தத் திட்டத்தின் அடிப்படையில் முடிவாக வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்கப்பட வேண்டும், முடிந்தவரை வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். 1997-இல் வந்த திருத்தம், இடத்தை முடிவு செய்யும் குழுவிலும் பெற்றோர் உறுப்பினர் என்று திட்டவட்டமாக எழுதியது. கருத்து வேறுபாடு வந்தால், அது தீரும்வரை குழந்தையை இருக்கும் இடத்திலிருந்து பள்ளி தன்னிச்சையாக நகர்த்த முடியாது.

1988-இல் வர்ஜீனியாவில் ஒரு வழக்கு. உண்டு உறைவிடப் பள்ளியில் இருந்த மாணவரை உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றுவது என்று கல்வி நிர்வாகம் முதலில் முடிவு செய்தது. பிறகு அந்த முடிவுக்குப் பொருந்தும்படி கல்வித் திட்டத்தை எழுதியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சட்டமீறல் என்றது. திட்டத்திலிருந்து இடம் பிறக்க வேண்டுமே தவிர, இடத்துக்காகத் திட்டம் எழுதக் கூடாது என்பது அதன் காரணம். 2004-இல் டென்னஸியில் இன்னொரு வழக்கு. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் குறிப்பிட்ட பயிற்சி முறையைக் கேட்டார்கள். அதைத் தருவதில்லை என்று நிர்வாகம் முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்தார்கள், பேச விட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். முடிவு முன்பே ஆகிவிட்ட பிறகு நடக்கும் கூட்டம் பங்கேற்பு ஆகாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் நடக்கும் எத்தனையோ “பெற்றோர் கூட்ட”ங்களுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வழக்கு. அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு சிறுமியை நாள் முழுக்கப் பொதுவகுப்பில் வைக்கும்படி பெற்றோர் கேட்டார்கள். நிர்வாகம் ஒரு நடுவழி சொன்னது. பாடங்களுக்குச் சிறப்பு வகுப்பு, ஓவியம், இசை, மதிய உணவு, விளையாட்டு நேரத்துக்குப் பொதுவகுப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் சிறுமி ஒரே நாளில் குறைந்தது ஆறு முறை வகுப்பு மாறியிருக்க வேண்டும். பொதுவகுப்பில் வைக்க ஆண்டுக்கு 1,09,000 டாலர் ஆகும் என்று நிர்வாகம் கணக்குக் காட்டியது. அவளுக்குப் பகுதிநேர உதவியாளர் ஒருவரே போதும் என்று நீதிமன்றம் கண்டறிந்து அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. பாட முன்னேற்றம், பாடம் தாண்டிய பயன், ஆசிரியர் மீதும் மற்றப் பிள்ளைகள் மீதும் ஏற்படும் விளைவு, செலவு ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு தந்த அளவுகோல். உதவி இன்னதென்று எண்ணிப் பார்த்தவுடன் செலவு பற்றிய பயம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

அமெரிக்க ஏற்பாட்டில் குறைகளும் உண்டு. 1975-இல் ஒரு மாணவருக்கு ஆகும் தேசிய சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாகச் சொன்ன கூட்டாட்சி அரசு ஒருமுறை கூட அந்த அளவை எட்டவில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம், திட்டத்தை எதிர்ப்பவரே அது தவறு என்று நிறுவ வேண்டும் என்று சொன்னது. எதிர்ப்பவர் பெரும்பாலும் பெற்றோர்தான். வழக்கறிஞர் வைக்கக் காசுள்ள குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் இடையே அது பெரிய பள்ளத்தை உண்டாக்கியிருக்கிறது.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1964–66 கோத்தாரி ஆணையமே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை முடிந்தவரை பொதுப்பள்ளிகளில் சேர்க்கச் சொன்னது. 1974-இல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம், அனைவருக்கும் கல்வி இயக்கம், 2007-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு ஒப்புதல், 2009 கல்வி உரிமைச் சட்டம், 2016 சட்டம். இந்த வரிசையில் குழந்தையின் உரிமை படிப்படியாக வளர்ந்திருக்கிறது. பெற்றோருடன் உட்கார்ந்து முடிவெடுக்கும் நடைமுறை மட்டும் சட்டத்தின் உடம்புக்குள் வரவில்லை. தேர்வு உன்னுடையது என்று சொல்லும் சட்டம், அந்தத் தேர்வை எந்தக் கூட்டத்தில், எந்தத் தாளில், யார் முன்னிலையில் செய்வது என்று சொல்லவில்லை. தனிநபர் கல்வித் திட்டம் இங்கும் எழுதப்படுகிறது. பெரும்பாலும் சிறப்பாசிரியர் தனியே நிரப்பும் பதிவேடாகவே அது இருக்கிறது. குழந்தையின் அம்மா அதைக் கண்ணால் பார்த்திருப்பது அபூர்வம்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல், துறைகள் பிரிந்து கிடப்பது. அரசுப் பொதுப்பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையிடம். அரசு சிறப்புப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம். தொடக்கநிலைக் கண்டறிதலில் பெரும்பங்கு மக்கள் நல்வாழ்வுத் துறையிடம். காது கேளாத ஒரு குழந்தை சிறப்புப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஊர்ப் பள்ளிக்கு வர விரும்பினால், அந்த மாற்றத்தைக் கூடவே இருந்து முடித்துத் தருவது யாருடைய வேலை என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று அலுவலகங்களுக்கும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவர் அம்மாதான்.

பொதுப்பள்ளிதான் எல்லாருக்கும் சிறந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றனவா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஹார்வர்டின் தாமஸ் ஹெஹிரும் அவர் குழுவினரும் 25 நாடுகளின் 280 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட அறிக்கை, உள்ளடக்கிய வகுப்புகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் கற்றலிலும் பழகுதலிலும் முன்னேறுகிறார்கள் என்றும், உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு அதனால் பாதிப்பில்லை என்றும் சொன்னது. 2022-இல் வந்த கேம்பெல் கூட்டமைப்பின் தொகுப்பாய்வு இன்னும் கறாரான சல்லடை போட்டது. சராசரியாகப் பார்த்தால் பொதுவகுப்பில் வைப்பது மட்டுமே குழந்தையின் கற்றலைக் கூட்டுவதாகவோ குறைப்பதாகவோ தெரியவில்லை என்பது அதன் முடிவு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் படிக்கவில்லை. பொதுவகுப்பின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உதவி எதுவும் தராவிட்டால் அந்த நாற்காலி தானாக எதையும் கற்றுக்கொடுக்காது. நல்ல உதவியோடு உட்கார வைத்தால் பயன் உண்டு. ஆய்வுகளின் போக்கும் தேவையை முதலில் எழுது என்ற பக்கமே சாய்கிறது.

காது கேளாத குழந்தைகளின் நிலை தனி. சைகை மொழி தெரிந்த ஒருவர் கூட இல்லாத பொதுவகுப்பில் அந்தக் குழந்தை நாற்பது பேர் நடுவே தனியாக இருக்கிறது. சைகை மொழி புழங்கும் பள்ளியில் அதற்கு மொழி கிடைக்கிறது, நண்பர்கள் கிடைக்கிறார்கள், வாழ்ந்து காட்டும் பெரியவர்களும் கிடைக்கிறார்கள். உள்ளடக்கிய கல்வியின் தொடக்க ஆவணமாகக் கருதப்படும் 1994 சலமான்கா அறிக்கையே இந்தக் குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளியோ சிறப்பு வகுப்போ பொருத்தமாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதனால் சிறப்புப் பள்ளியைக் கேட்கும் பெற்றோரைப் பிற்போக்காளர் என்று ஒதுக்குவது அநியாயம். சத்தம் தாங்காத மகனை அறுபது பேர் வகுப்பில் விட ஒரு தந்தை தயங்கினால், அந்தத் தயக்கத்திலேயே ஒரு தேவை மறைந்திருக்கிறது. அதை எழுதிக்கொள்ள வேண்டும். அவர் கேட்கும் இடத்தை உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம்.

வறுமையும் இடத்தைத் தீர்மானிக்கிறது. விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளியை ஒரு குடும்பம் கேட்கிறது என்றால், அங்கே மூன்று வேளைச் சாப்பாடு உறுதி என்பதும், தாய் கூலி வேலைக்குப் போக முடியும் என்பதும் காரணமாக இருக்கலாம். பெண் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லும் தாய்க்குப் பள்ளிக் கழிப்பறையின் உடைந்த தாழ்ப்பாள் காரணமாக இருக்கலாம். அக்காவுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தம்பியை வெளியே காட்டத் தயங்கும் வீடுகளும் உண்டு. இவற்றில் எதுவும் மதிப்பீட்டு முகாமின் படிவத்தில் வராது. நம்பிக்கை உண்டான ஒரு பேச்சில், அதுவும் இரண்டாம் மூன்றாம் சந்திப்பில்தான் வெளியே வரும்.

வீட்டுவழிக் கல்வியைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாத, அடிக்கடி வலிப்பு வரும் குழந்தைக்கு அது உண்மையான உதவி. சட்டத் திருத்தத்தின் நோக்கமும் அவர்களே. ஆனால் சாய்தளம் இல்லாத பள்ளிக்கும் ஆசிரியர் போதாத பள்ளிக்கும் அது வசதியான வடிகாலாக மாறிவிடுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் குழந்தையின் பெயர் இருக்கும், வகுப்பு இருக்கும், குழந்தை மட்டும் வீட்டில் இருக்கும். வாரத்தில் ஒருநாள் வரும் சிறப்பாசிரியரின் ஒரு மணி நேரத்தைப் பள்ளி நாள் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுவழிக் கல்விக்குக் கையெழுத்திட்ட பெற்றோரிடம், பள்ளியில் சாய்தளமும் உதவியாளரும் இருந்திருந்தால் என்ன தேர்ந்திருப்பீர்கள் என்று கேட்க வேண்டும். வேறு பதில் வந்தால் அந்தக் கையெழுத்தைத் தேர்வு என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

பொதுப்பள்ளியில் சேர்த்துக்கொண்ட பிறகும் ஒரு செலவு இருக்கிறது, அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பல பள்ளிகளின் தாழ்வாரத்தில் காலை முதல் மாலை வரை ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். இடைவேளையில் மகனைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போவார், மதியம் ஊட்டுவார், மீண்டும் வந்து சுவரோடு சாய்ந்துகொள்வார். மகனுக்கு இடம் கிடைத்தது, அம்மாவுக்கு நூறு நாள் வேலை போயிற்று. பெற்றோர் ஒத்துழைப்பு என்று இதைப் பாராட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பள்ளி ஏற்க வேண்டிய வேலையை ஒரு ஏழைத் தாயின் தலையில் கட்டுவதுதான் இது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயாவில் காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளின் கற்பித்தலில் பெற்றோரும் பங்கேற்கிறார்கள். குழந்தையோடு பேசுவதற்குத் தாய்க்கும் பயிற்சி கிடைக்கிறது, அந்தப் பயிற்சி வீட்டுக்கும் போகிறது. தாழ்வாரத்தில் காத்துக்கிடக்கும் அம்மாவுக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. தேவையை எழுதும் தாளில் “கழிப்பறை உதவி: யார்?” என்ற வரி இருந்தால், அங்கே அம்மாவின் பெயரை எழுதுமுன் பள்ளி ஒரு கணமாவது தயங்கும்.

சிறப்பாசிரியர்கள் போதவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்பாசிரியர் விகிதத்தை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து ஒன்றிய அரசு, தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. நம் வட்டாரங்களில் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கும் பல வீடுகளுக்கும் தன் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறார், பலர் தொகுப்பூதியத்தில். பெற்றோருடன் நிதானமாக உட்காரச் சொல்லும் நாம், அதற்கான நேரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறோமா என்று அரசைக் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு சந்திப்பு நடந்தால் எப்படி இருக்க வேண்டும்? ஜூனில் பள்ளி திறந்த பரபரப்பில் நடத்தினால் பலனில்லை. ஏப்ரலிலேயே நடத்தினால், வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவும் நாற்காலி வாங்கவும் கோடை விடுமுறை இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அரைநாள் கூலி போகாத நேரத்தில் வைக்க வேண்டும். பாட்டியோ அத்தையோதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரையும் அழைக்க வேண்டும். வரப்போகும் வகுப்பாசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க அந்தக் குழந்தையோடு இருக்கப்போவது அவர்தான். பேச்சைக் குறைபாட்டிலிருந்து தொடங்கக் கூடாது. காலையில் எழுந்ததும் என்ன செய்வாள், பசித்தால் எப்படிச் சொல்வாள், யாரைக் கண்டால் சிரிப்பாள், எதற்கு அழுவாள், எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருப்பாள் என்று கேட்டால் எந்தத் தாயும் ஒரு மணி நேரம் பேசுவார். அதில் பாதி, கல்வித் திட்டத்தின் பக்கத்தில் அப்படியே எழுதத் தக்கதாக இருக்கும். கண்ணை இருமுறை சிமிட்டினால் ஆமாம் என்று பொருள் என்பதைத் தாயைத் தவிர வேறு யார் ஆசிரியருக்குச் சொல்ல முடியும்?

பிறகு இடம். அதையும் ஒரேயடியாகத் தீர்க்க வேண்டியதில்லை. மூன்று மாதம் பார்ப்போம், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி உட்காருவோம் என்று தேதி குறித்துவிட்டால் பெற்றோரின் பயமும் ஆசிரியரின் பயமும் பாதியாகக் குறையும். ஒத்துப்போகாத கருத்து இருந்தால் அதையும் எழுத வேண்டும். பெற்றோர் இதைக் கேட்டார்கள், பள்ளி இதைச் சொன்னது, காரணம் இது என்று. தாளின் ஒரு பிரதி பெற்றோரிடம் போக வேண்டும். தேர்வுச் சலுகைகளையும் அந்தத் தாளிலேயே முன்கூட்டிக் குறித்துக்கொள்ளலாம். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் அரசுத் தேர்வுகளில் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் திடீரென்று கேட்டு அலைகிற குடும்பங்களே அதிகம். பதினான்கு வயதோடு கல்வி உரிமைச் சட்டம் நின்றுவிடுகிறது, 2016 சட்டம் பதினெட்டு வரை வருகிறது என்பதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் “எட்டு முடிஞ்சாச்சு, போதும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சந்திப்பில் குழந்தையும் இருக்க வேண்டும். 31-ஆம் பிரிவு விருப்பத்தைக் குழந்தையின் பெயரில்தான் எழுதியிருக்கிறது. பேச வராத குழந்தைக்கும் விருப்பம் உண்டு. ஒரு வாரம் அந்த வகுப்பில் உட்கார வைத்துப் பார்த்தால், காலையில் பையை எடுக்கும்போது அதன் முகத்தில் தெரிந்துவிடும்.

குழந்தையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “இங்கே முடியாது” என்று பள்ளி சொன்னால், எது முடியாது, எந்த உதவி இருந்தால் முடியும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வீட்டுவழிக் கல்விக்கோ வேறு பள்ளிக்கோ ஒப்புதல் கேட்டால், தனிநபர் கல்வித் திட்டத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் நகலை வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சேர்க்கை தொடர்பான விஷயங்களைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பொறுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அவர் யார் என்று கேட்டு மனு கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டு இடங்களிலும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்ற வகையில் உங்கள் குழந்தைக்கு உரிமை இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அருகில் உங்கள் மகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்பது சலுகை அன்று, சட்டம் அவளுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் உரிமை.